மாவுக்கோழியும் ஆற்றங்கரையும்

நீலகேசி, சூளாமணி, யசோதர காவியம், உதயணகுமார காவியம், நாககுமார காவியம். பள்ளிக்கூடத்தில் ஐஞ்சிறுகாப்பியம் என்று இந்தப் பட்டியலை ஒப்பித்திருப்போம். பரீட்சையில் ஒரு மார்க்கோ இரண்டு மார்க்கோ, அதோடு சரி. இவற்றில் மூன்றாவதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். யசோதர காவியம் முந்நூற்றுச் சொச்சம் பாட்டுக்குள் முடிந்துவிடும். ஆசிரியர் தம் பெயரைக்கூட நூலுக்குள் சொல்லிக்கொள்ளவில்லை. ஔவை சு. துரைசாமிப் பிள்ளை அவர்கள் உரை எழுதியிருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு ஒரு மாதத்தில் யாரும் படித்துவிடலாம்.

மலருக்குக் கட்டுரை என்றால் குடும்பப் பாசம், விருந்தோம்பல், தாய்மை என்று எழுதுவதுதான் வழக்கம். நான் அகமதாபாத்தில் நாற்பது வருஷமாக ஜவுளி வியாபாரம் செய்கிறவன், புலவன் இல்லை. கடையில் உட்கார்ந்து பார்த்ததில், பாசம் இருக்கிற வீட்டில்தான் கொடுமையும் நடக்கிறது. அந்நியன் நம்மை ஏமாற்றுவான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன்தான் கொடுமை செய்ய முடியும். இந்த விஷயத்தை இந்தச் சின்னக் காவியம் சொன்ன அளவுக்குத் தமிழில் சொன்ன நூல்கள் குறைவு. கூடவே, 1979-ல் மகேந்திரன் எடுத்த ‘உதிரிப்பூக்கள்’ படத்தையும் எடுத்துக்கொள்கிறேன். காவியத்துக்கும் படத்துக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. ஆனாலும் ஒன்றைப் படித்துவிட்டு மற்றதைப் பார்த்தால் இரண்டும் ஒரே கேள்வியைக் கேட்பது தெரியும்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன், தெரியாதவர்களுக்காக.

உஞ்சயினி அரசன் யசோதரன். தாய் சந்திரமதி, மனைவி அமிர்தமதி, மகன் யசோமதி. ஒரு ராத்திரி யானைக் கொட்டிலிலிருந்து பாகன் பாடுகிற பாட்டு அமிர்தமதியின் காதில் விழுகிறது. பாட்டுக்கு மனசு போகிறது, பிறகு பாடினவனுக்கும் போகிறது. அவன் அட்டபங்கன், உடம்பெல்லாம் கோணல், பார்க்கச் சகிக்காத உருவம். அதைத் தோழி வந்து சொன்ன பிறகும் ராணி மாறவில்லை. அரசனுக்குச் சந்தேகம் வந்து ஒருநாள் பின்தொடர்ந்து போய்க் கண்ணால் பார்க்கிறான். வாளை உருவுகிறான். உருவினவன் வெட்டாமல் திரும்பி வந்துவிடுகிறான்.

இந்த இடத்தில் சாதாரணக் கதையாக இருந்தால், பொறுமைசாலி அரசன் என்று பாராட்டி முடித்திருப்பார்கள். இந்தக் கவி அப்படி விடவில்லை. மறுநாள் அரசன் விளையாட்டுப்போல ஒரு பூவால் மனைவியை அடிக்கிறான். அவள் மயங்கி விழுவதுபோல விழுகிறாள். அவன் குத்தலாகப் பேசுகிறான். வாளைத் தடுத்துக்கொண்ட கை பூவைத் தடுத்துக்கொள்ளவில்லை பாருங்க. அடித்தது பூ, ஆனால் உள்ளே இருந்தது முந்தின ராத்திரி உருவின வாள்தான். காவியத்தின் முழுக் கதையும் இந்தப் பூவுக்குள் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். பின்னால் வரப்போகிற மாவுக்கோழிக்கு இது ஒத்திகை.

அடுத்தது தாய். மகன் முகம் வாடியிருப்பதைப் பார்த்து என்ன என்று கேட்கிறாள். மனைவி செய்ததைத் தாயிடம் எப்படிச் சொல்லுவான்? மானம் தடுக்கிறது. கெட்ட கனவு கண்டேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவைக்கிறான். கனவு என்றதும் அந்த அம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொள்கிறது. சண்டமாரிக்கு உயிர்ப்பலி கொடு, தோஷம் போகும் என்கிறாள். உயிரைக் கொல்ல மாட்டேன் என்று மகன் உறுதியாக நிற்கிறான். சரிடா, உயிர் வேண்டாம், மாவில் கோழி செய்து அதை வெட்டு என்கிறாள். தாய் சொல்லைத் தட்ட மனமில்லாமல் அவன் சம்மதிக்கிறான்.

செய்கிறவன் கைத்திறனால் அது நிஜக் கோழிபோலவே அமைந்துவிடுகிறது. அதன் அழகைக் கண்டு ஒரு தெய்வம் அதற்குள் புகுந்துகொள்கிறது. அரசன் வாளை வீசுகிறான். வெட்டுப்பட்ட மாவு, உயிருள்ள கோழிபோலக் கத்திக்கொண்டு கீழே விழுகிறது. அவனுக்கு நெஞ்சு பதறுகிறது. துறவுக்குப் போகிறேன் என்கிறான். அதற்குள் அமிர்தமதி, அரசனுக்கும் மாமியாருக்கும் விருந்து வைத்து விஷம் கொடுத்துக் கொன்றுவிடுகிறாள்.

இதற்குப் பிறகு பிறவிகள். மகன் மயில், தாய் நாய். அந்த நாயே மயிலைக் கொல்கிறது. அடுத்தது முள்ளம்பன்றியும் பாம்பும். அதற்கடுத்து மீனும் முதலையும். பிறகு ஆடு, எருமை, கடைசியில் இரண்டு கோழிகள். இதில் என்னைத் தூங்கவிடாத இடம் மீன் பிறவி. யசோமதி இப்போது அரசன். செத்துப்போன தகப்பனுக்குச் சிராத்தம் செய்கிறான். அதற்குப் பிடித்துச் சமைக்கிற மீன் அந்தத் தகப்பனேதான். அப்பா நல்ல கதிக்குப் போகவேண்டும் என்று மகன் பக்தியோடு செய்கிற காரியம், அப்பாவை அறுப்பதாக இருக்கிறது. கோழிப் பிறவியிலும் யசோமதிதான் அம்பு விட்டு இரண்டையும் ஒன்றாகக் கொல்கிறான், ராணிக்கு முன்னால் தன் வில்வித்தையைக் காட்டுவதற்காக. அந்த இரண்டு உயிரும் சாவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு முனிவரின் அறவுரையைக் கேட்டிருந்தபடியால், யசோமதிக்கே இரட்டைப் பிள்ளைகளாகப் பிறக்கின்றன. அபயருசி, அபயமதி, அண்ணன், தங்கை. தகப்பனும் பாட்டியும் இப்போது அவன் மடியில் குழந்தைகள்.

“ஒரு கொழுக்கட்டையை வெட்டினதுக்கு ஆறு பிறவியா? உங்க மதத்துல தண்டனை ரொம்ப ஜாஸ்தி சார்” என்று என் சிநேகிதர் ஒருவர் சிரிப்பார். நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் சொல்லாமல் இந்தக் காவியத்தைப் பாராட்ட முடியாது.

சமண சமயத்தில் இல்லறத்தானுக்கு இம்சையை நான்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அடுப்பு எரிப்பது, வீடு பெருக்குவது போன்ற அன்றாடக் காரியங்களில் நேர்வது ஆரம்ப இம்சை. தொழிலில் நேர்வது உத்தியோக இம்சை. தன்னையும் தன்னைச் சேர்ந்தவர்களையும் காப்பாற்றிக்கொள்ளும்போது நேர்வது விரோதி இம்சை. இந்த மூன்றும் குடும்பஸ்தனால் முழுக்க விட முடியாதவை, குறைத்துக்கொள்ள வேண்டியவை. நான்காவது சங்கல்ப இம்சை, கொல்ல வேண்டும் என்று மனதில் நினைத்துச் செய்வது. இதற்கு மட்டும் விலக்கே கிடையாது. செத்தது எது, எத்தனை என்பது பின்னால் வருகிற கணக்கு. நினைத்தாயா என்பதுதான் முதல் கேள்வி. எங்கள் வீட்டில் யானை, குதிரை உருவத்தில் வருகிற பிஸ்கட்டைக் குழந்தைகளுக்கு வாங்கித் தரமாட்டார்கள். கேட்டால் என் தாயார், “தலையைக் கடிச்சேன், காலைக் கடிச்சேன்னு சொல்லிச் சொல்லித் திங்கும்டா பிள்ளை” என்பார். சாஸ்திரம் படிக்காதவர். ஆனால் சங்கல்பம் என்றால் என்ன என்று இதைவிடச் சுருக்கமாக எந்தப் பண்டிதரும் எனக்குச் சொன்னதில்லை.

வியாபாரி பாஷையில் சொல்கிறேன். யசோதரன் இரட்டைக் கணக்கு எழுதப் பார்த்தான். சண்டமாரிக்குக் காட்டுகிற பேரேட்டில் கோழி. வினைக்குக் காட்டுகிற பேரேட்டில் மாவு. தெய்வம் இதைக் கோழி என்று ஏற்றுக்கொண்டால்தானே கனவின் தோஷம் போகும்? அப்படியானால் வெட்டுகிற நேரத்தில் அவன் மனசிலும் அது கோழியாக இருந்தே ஆகவேண்டும். வெட்டி முடித்த பிறகு, வெறும் மாவுதானே என்று சொல்ல முடியாது. அந்தக் கோழி கத்தினது அதிசயத்துக்காக வைத்த இடமில்லை. இரண்டு பேரேடும் ஒன்றுதான் என்று அவன் காதில் விழுந்த இடம் அது.

இதில் யார் கெட்டவர் என்று தேடிப் பாருங்கள். மகன் மானத்துக்காகப் பொய் சொன்னான். தாய் பாசத்தால் பயந்தாள். மகன் தாய் மனம் நோகக்கூடாது என்று இறங்கிவந்தான். ஒவ்வொருவரும் அடுத்தவருக்காகச் செய்தது. கடைசியில் வாள் வீசியாயிற்று. குடும்பத்தில் நடக்கிற கொடுமையின் உள்ளமைப்பை இவ்வளவு கறாராகக் காட்டினதுதான் இந்நூலின் பெருமை என்பேன். பாகப்பிரிவினை நடந்த எத்தனையோ வியாபாரக் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். தம்பியை வெளியே போ என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கல்லாப்பெட்டிச் சாவி ஒருநாள் ஆணியில் தொங்காது, அவ்வளவுதான். கேட்டால், “நாங்க ஒண்ணுமே சொல்லலியே, அவனாத்தான் போனான்” என்பார்கள். அம்மாவும் கூடத்தில் உட்கார்ந்திருப்பார்.

குறையையும் சொல்லவேண்டும். அமிர்தமதி விஷயத்தில் கவிக்குப் பொறுமை இல்லை. பாட்டைக் கேட்டு அவள் மனம் கலங்குகிற இடத்தை அழகாகப் பாடிவிட்டு, அதற்குப் பிறகு அவளை ஏச வந்தவர்போல் ஆகிவிடுகிறார். அட்டபங்கனின் விகாரத்தை அங்கம் அங்கமாக வர்ணிப்பதில் அவருக்கு ஒரு ருசியே இருக்கிறது. ஓர் உடம்பைப் பார்த்து அருவருப்பு ஏற்படுத்துவதும் இம்சையின் பக்கத்தில் வருகிற விஷயம்தானே என்று எனக்குப் படும்போதெல்லாம் சங்கடமாக இருக்கும். அரசனுக்கும் தாய்க்கும் கரையேறப் பல பிறவி கொடுத்த கவி, ராணிக்கு நோயையும் நரகத்தையும் கொடுத்துக் கணக்கை மூடிவிடுகிறார். விஷம் வைத்தவள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவள் மனசுக்குள் போய்ப் பார்க்கக் கவிக்கு விருப்பமில்லை.

இந்தக் குறையைக் கன்னடத்தில் ஒருவர் தீர்க்கப் பார்த்தார். இதே கதையை ஜன்னா என்ற சமணக் கவி 1209-ல் கன்னடத்தில் ‘யசோதர சரிதே’ என்று பாடினார். அதைப் படித்த கிரீஷ் கார்னாட் 1980-ல் ‘ஹிட்டின ஹுஞ்ஜ’ என்று நாடகமாக்கினார். அதற்கு மாவுச்சேவல் என்றே பொருள். பிற்பாடு ஆங்கிலத்திலும் ‘பலி’ என்று எழுதினார். அவர் நாடகத்தில் ராணி சமண குலத்துப் பெண். அவளுக்காக அரசன் மதம் மாறினவன். தாய் பழைய பலி வழக்கத்தை விடாதவள். ஆக மாமியார் மருமகள் சண்டையும் மதச் சண்டையும் ஒரே வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. ராணியும் பாகனும் அரசனும் தாயும் என்று நான்கே பாத்திரங்கள். கதை ஒரே ராத்திரியில் நடக்கிறது. ராணிக்கு வாய் கிடைத்தது, அது பெரிய லாபம். நஷ்டம் என்னவென்றால், பிறவிகளை எடுத்துவிட்டார். பிறவிச் சுழற்சியை நம்பாதவர்களுக்கு அது உறுத்தாது. எனக்கு உறுத்துகிறது. தகப்பனுக்குத் திதி கொடுக்கிற மகன் தகப்பனையே அறுக்கிற அந்த இடம் இல்லாவிட்டால், ஒரு வீட்டுக் கொடுமை அடுத்த தலைமுறையின் கைக்கு எப்படித் தெரியாமலே போய்ச் சேருகிறது என்பது விட்டுப்போகிறது.

இனிப் படத்துக்கு வருகிறேன்.

உதிரிப்பூக்களுக்கு வித்து புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ என்பது பலருக்கும் தெரியும். வித்து மட்டும்தான், மரம் மகேந்திரனுடையது. கிராமத்துப் பெரிய மனிதன் சுந்தரவடிவேலு. வட்டிக்குக் கொடுக்கிறவன், பள்ளிக்கூடமும் அவன் கையில். விஜயன் நடித்திருக்கிறார். கத்துகிறதில்லை, மீசையை முறுக்குகிறதில்லை. புன்சிரிப்போடு பேசியே எல்லாரையும் வதைக்கிறவன். நோயாளி மனைவி லட்சுமி, இரண்டு பிள்ளைகள். மனைவி உயிரோடு இருக்கும்போதே மைத்துனியையும் கட்டிக்கொடு என்று மாமனாரைக் கேட்கிறான். மனைவியைச் சந்தேகப்படுகிறான். அவள் சாகிறாள். வேறொருத்தியைக் கட்டுகிறான். கடைசியில் மைத்துனிக்கு அவன் இழைக்கிற அவமானத்தோடு ஊர் பொறுமை இழந்துவிடுகிறது.

இதுவரைக்கும் கெட்டவன் கதை. வில்லன் ஒருத்தன், நல்லவர்கள் மற்றவர்கள் என்று பிரித்து வைத்துக்கொண்டு பார்க்கலாம். கடைசி ஆற்றங்கரைக் காட்சியில் மகேந்திரன் அந்தப் பிரிவினையை உடைக்கிறார். ஊர் ஜனம் அவனைச் சூழ்ந்துகொண்டு ஆற்றுக்குக் கொண்டுவருகிறது. யாரும் வெட்டவில்லை, அடித்துக் கொல்லவில்லை. நீயாக இறங்கிச் செத்துப்போ என்பதுதான் ஏற்பாடு. அவன் நின்று, இத்தனை நாளும் நான் ஒருத்தன்தான் கெட்டவனாக இருந்தேன், இன்றைக்கு உங்கள் எல்லாரையும் என்னைப்போல ஆக்கிவிட்டேன், நான் செய்ததிலேயே பெரிய தப்பு இதுதான் என்கிற பொருளில் பேசுகிறான். பிறகு தண்ணீரில் இறங்குகிறான்.

ஊர் செய்ததும் மாவுக்கோழிதான். கொலையும் நடக்கவேண்டும், கையிலும் ரத்தம் படக்கூடாது. அவனாகத்தானே இறங்கினான் என்று நாளைக்குச் சொல்லிக்கொள்ள ஒரு வழி வேண்டும். அரசனுக்கு மாவு கிடைத்தது, ஊருக்கு ஆறு கிடைத்தது. காவியத்தில் வெட்டுப்பட்ட கோழி கத்தினது. இங்கே சாகப்போகிறவன் பேசுகிறான். அந்தப் பேச்சைக் கெட்டவன் திருந்தின வசனம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. திருந்தினவன் அழுவான். இவன் அப்போதும் அதே அமைதியோடு, கொடுத்த கடனைக் கணக்குப் பார்த்துச் சொல்லுகிற வட்டிக்காரன் மாதிரிதான் சொல்லுகிறான். அவன் கொடுமை அவனோடு முடியவில்லை; ஊர் முழுக்கப் பற்று எழுதிவிட்டுப் போகிறான்.

யசோதர காவியத்தின் முகப்புக் கதையை இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும். இதுவரை சொன்னதெல்லாம் அபயருசி என்ற பையன் சொல்லுகிற கதை. எங்கே நின்று சொல்லுகிறான்? இராசமாபுரத்தில் மாரிதத்தன் என்ற அரசன் சண்டமாரிக்கு நரபலி கொடுக்க வாளோடு நிற்கிறான். அந்தப் பலிபீடத்துக்கு இழுத்துவரப்பட்ட இளம் துறவிகள்தான் அண்ணனும் தங்கையும். சாகப்போகிற பிள்ளைகள் முகத்தில் பயமில்லாததைப் பார்த்து அரசன் காரணம் கேட்கிறான். மாவுக்கோழியை வெட்டின எங்களுக்கே இந்தக் கதி என்றால், என்று பையன் தொடங்குகிறான். கதை முடியும்போது மாரிதத்தன் பலியை விட்டுவிடுகிறான், பின்னால் துறவுக்கே போய்விடுகிறான். கேட்டவன் மாறினான்.

ஆற்றங்கரையிலும் ஒருத்தன் சொன்னான், ஊரே கேட்டது. ஒருவர்கூட, சரி, கரையேறி வா என்று சொல்லவில்லை. தயங்குகிற முகங்களைக் காட்டுகிறார் இயக்குநர். தயங்கினார்கள், ஆனால் நிறுத்தவில்லை. சமணக் கவிக்கு மனிதன் காதுமேல் இருந்த நம்பிக்கை மகேந்திரனுக்கு இல்லை. யார் சரி என்று கேட்டால், மாரிதத்தன் போன்றவனை நான் நேரில் பார்த்ததில்லை, ஆற்றங்கரை ஊரைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பேன் என்றால் காவியத்தைத்தான்.

சிலப்பதிகாரத்தைத் தொடாமல் விட்டால் புலவர்கள் கோபித்துக்கொள்வார்கள். பாண்டியன் நெடுஞ்செழியனும் தன் கையால் கோவலனை வெட்டவில்லை, உத்தரவுதான் கொடுத்தான். பொற்கொல்லன் ஏமாற்றினான், காவலன் வெட்டினான் என்று தப்பிக்க அவனுக்கு இரண்டு மாவுக்கோழி தயாராக இருந்தது. சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும் குற்றம் முழுவதையும் தன்மேல் எடுத்துக்கொண்டு அந்த இடத்திலேயே உயிரை விட்டான். அவனை நாம் கொண்டாடுகிறோம். அவனுக்குப் பின் கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் செய்ததை மேடையில் யாரும் பேசுவதில்லை. மழை இல்லை, நாட்டில் நோய் என்று ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலிகொடுத்துக் கண்ணகிக்குச் சாந்தி செய்தான் என்று உரைபெறு கட்டுரை சொல்லுகிறது. செய்த பிறகு மழை பெய்தது என்றும் சொல்லுகிறது. தப்பு செய்தவன் ஒரு பொற்கொல்லன். மீதி ஆட்கள் என்ன செய்தார்கள்? இளங்கோவடிகள் அதைச் சொல்லவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை. ஒரே வம்சத்தில் ஒருவன் தானே சாகிறான், அடுத்தவன் ஆயிரம் பேரைச் சாகக் கொடுக்கிறான்.

படத்தின் முடிவில் சுந்தரவடிவேலுவின் இரண்டு பிள்ளைகளும், ஓர் ஆண், ஒரு பெண், ஆற்றங்கரையோடு நடந்து போவார்கள். தாய் இல்லை, இப்போது தகப்பனும் இல்லை. ஊரில் ஒருத்தருக்கும் அந்த நேரத்தில் அவர்கள் ஞாபகம் வரவில்லை. அபயருசியும் அபயமதியும் அதே மாதிரி அண்ணன் தங்கைதான். கூட்டத்துக்கு நடுவில் நிற்கிறார்கள், அவர்களைப் பார்த்து ஓர் அரசன் கேள்வி கேட்கிறான். விடுமுறைக்கு வந்த என் பேத்தியோடு இந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். இங்கேயே பிறந்து வளர்ந்த பெண், கல்லூரி முடித்தவள். தமிழ் பேச்சு பரவாயில்லை, எழுத்து சுமார். பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவள், பிள்ளைகள் நடக்கிற இடத்தில் மட்டும், “அந்தப் பசங்க இனிமே யார் வீட்ல சாப்பிடுவாங்க தாத்தா?” என்று கேட்டாள். தாத்தா வீட்டில்தான், அம்மாவைப் பெற்ற தாத்தா வீட்டில், என்றேன். “அவரும்தானே ஆத்தங்கரைல நின்னாரு?” என்றாள். படத்தைப் பின்னால் ஓட்டி, கூட்டத்தில் அந்தக் கிழவர் முகத்தைத் தேடினோம்.